அண்ணனுக்காக இறக்கிய எடை

எடை பார்க்கும் எந்திரத்தைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பயம். பாம்பைக் கண்டால்கூட இத்தனை பயம் கிடையாது. பாம்பு அதன் பாட்டில் போய்விடும். இது கிடந்த இடத்தில் கிடந்துகொண்டு, ஏறி நில்லு பார்ப்போம் என்று நம்மைக் கூப்பிடும்.

அதில் நான் முதன்முதலாகப் பயந்து ஏறியது ஓர் ஆஸ்பத்திரியில், சிறுநீரக மருத்துவரின் அறையில். பக்கத்து நாற்காலியில் என் அண்ணன் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் களக்காட்டிலிருந்து பஸ் ஏறித் திருநெல்வேலிக்கு வந்து, கையில் ஊசியைக் குத்திக்கொண்டு, உடம்பு ரத்தத்தை எந்திரத்துக்குள் விட்டுக் கழுவி வாங்கிக்கொண்டு போவான். வாழைத்தாரைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் ஓடிய ஆள். அன்றைக்கு நாற்காலியை விட்டு எழுந்திருக்க இரண்டு கையையும் ஊன்றினான். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

மதினிக்கு, அதாவது அண்ணன் பெண்டாட்டிக்கு, சர்க்கரை உண்டு. அவளால் சிறுநீரகம் கொடுக்க முடியாது. அவர்களுக்குப் பிள்ளை கிடையாது. மிச்சம் நான் ஒருத்திதான். என் ரத்தம் பொருந்தியது, மற்ற சோதனைகளும் தேறின. கடைசியில் என்னை எந்திரத்தில் ஏறச் சொன்னார்கள். மருத்துவர் எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் எண்ணைப் பார்த்தார். என் மகள் வயசைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது கூட இருக்கும் அந்தப் பெண் டாக்டருக்கு.

"எல்லாம் நல்லா இருக்கும்மா. ஆனா இந்த எடையோட உங்ககிட்ட இருந்து எடுக்க முடியாது. ஆபரேஷன்ல உங்களுக்கு ஆபத்து. பின்னால சுகர் வந்தா ஒரே கிட்னியோட நீங்க கஷ்டப்படுவீங்க. பத்துப் பன்னிரண்டு கிலோவாவது குறைச்சிட்டு வாங்க."

"எத்தன நாளைக்குள்ள?" என்று கேட்டேன்.

அவர் அண்ணனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "முடிஞ்ச அளவு சீக்கிரம். ஆனா பட்டினி கிடக்காதீங்க" என்றார்.

அந்தப் பார்வையை நான் புரிந்துகொண்டேன். அண்ணனும் புரிந்துகொண்டான். வெளியே வந்ததும், "பைய பாத்துக்கிடலாம்ட்டி, அவசரம் ஒண்ணும் இல்ல" என்று சிரித்தான். இவன் எப்போதும் இப்படித்தான். அப்பா செத்துப்போனபோதும் இதேபோலச் சிரித்துக்கொண்டுதான் தன் படிப்பை விட்டுவிட்டு என்னைப் படிக்கவைத்தான். பொங்கலுக்குப் பொங்கல் சகோதரன் கொண்டுவரும் பொங்கல்படியை, என் கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து அதுவரை ஒரு வருஷம் தவறாமல் அவனே தலையில் சுமந்து கொண்டுவந்திருந்தான். வாழைத்தார், கரும்பு, மஞ்சள்குலை, ஒரு சாக்குத் தேங்காய் என்று பஸ்ஸில் கண்டக்டரோடு சண்டை போட்டு ஏற்றிக்கொண்டு வருவான். அவனுக்கு நான் என் உடம்பில் பாதி கொடுக்கக்கூடாதா என்ன?

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். எங்கள் பக்கத்தில் கட்டினவரை அத்தான் என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குத் தச்சநல்லூரில் பெயிண்டுக் கடை. காப்பி குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரைக் கீழே வைக்கக்கூட இல்லை. "குடு. நம்ம மச்சானுக்குத்தான? குடுக்கணும்லா" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எந்தப் புருஷன் இப்படிச் சட்டென்று சொல்லுவான் என்று ஒரு வாரம் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவ்வளவு சட்டென்று சொன்னாரே, ஏன் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவள்தான் என் போனில் கலோரி கணக்குப் பார்க்கும் ஆப்பைப் போடச் சொல்லிக் கொடுத்தாள். தின்பதை எல்லாம் அதில் போட வேண்டும். அது கூட்டிச் சொல்லும். நல்ல ஆப்புதான், ஆனால் அதற்கு எங்கள் ஊர் தெரியாது. ராஜ்மா தெரியும், பனீர் தெரியும். உளுந்தஞ்சோறு என்றால் முழிக்கும். சொதி என்று தேடினால் ஒன்றுமே வராது.

சொதி இல்லாமல் நான் எப்படி இருக்க? கல்யாணத்துக்கு மறுநாள் விருந்து என்றால் எங்கள் சைவ வீடுகளில் சொதிதான். தேங்காயை அரைத்து முதலில் பிழிகிற பால் கெட்டியாக இருக்கும். அதே சக்கையில் தண்ணீர் விட்டு இரண்டாம் பால், மறுபடியும் விட்டு மூன்றாம் பால். காயும் பாசிப்பருப்பும் மூன்றாம் பாலில் வெந்து, இரண்டாம் பாலில் கொதித்து, இறக்கும்போது முதல் பால் சேரும். கொழுப்பெல்லாம் முதல் பாலில்தானே? மூன்றாம் பால் வெறும் வெள்ளைத் தண்ணீர். ஆகவே நான் ஒரு சட்டம் போட்டேன். இனி இந்த வீட்டில் எனக்கு மூன்றாம் பாலில் மட்டும் சமையல். சொதி ஆனாலும் கீரைக்கூட்டு ஆனாலும் கஞ்சி ஆனாலும் அவ்வளவுதான். ஆப்பில் என்ன என்று போட? "சூப்புன்னு போடும்மா" என்றாள் மகள். காய்கறி சூப் என்று போட்டேன். உடம்பைக் குறைக்கிறேன் என்று கிளம்பியவள் சொதியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள் என்று சொன்னால் வேறு ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

காலையில் வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஆற்றங்கரையில் நடப்பேன். அங்கே நாலைந்து பெண்கள் சேர்ந்து நடப்பார்கள். ஒருத்திக்கு மகன் கல்யாணத்துக்குள் பழைய ரவிக்கை உடம்புக்குப் பற்ற வேண்டும். ஒருத்திக்கு முட்டுவலி. எதை நினைத்துக்கொண்டு நடந்தால் சோம்பல் வராது என்று அவர்களுக்குள் தினமும் பேச்சு நடக்கும். ஒருத்தி இளவயசுப் போட்டோவைப் பிரிட்ஜில் ஒட்டி வைத்திருந்தாள். இன்னொருத்தி பாட்டுக் கேட்பாள். "ஒனக்கு என்னத்துக்குட்டி இந்த ஓட்டம்?" என்று என்னைக் கேட்டார்கள். "சும்மாதான்" என்றேன்.

அண்ணன் இடது முழங்கையில் இரண்டு ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள், ஊசி குத்துவதற்காக. அந்த இடத்தில் விரல் வைத்தால் உள்ளே வண்டு இரைவது போல இருக்கும். ஒருநாள் வைத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு காலையில் எழுந்திருக்கச் சோம்பலாக இருந்தால் அந்த இரைச்சலைத்தான் நினைப்பேன். அது நின்றுவிட்டால்? அவ்வளவுதான், போர்வையை உதறிவிட்டு எழுந்துவிடுவேன். ஊக்கம் என்று மற்றவர்கள் சொல்வதெல்லாம் எனக்குத் தெரியாது. எனக்கு இருந்தது பயம். பயம் நல்ல கங்காணி. உட்கார விடாது.

முதல் மாதம் எடை மளமளவென்று இறங்கியது. நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட அலுவலகத்தில், "முகம் சின்னதாயிட்டே" என்றார்கள். வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னேன். அத்தான் கேட்டுக்கொண்டே சட்டையை மடித்தார். மறுநாள், "நீ நடந்துட்டு வா. காலையில அடுப்ப நான் பாத்துக்கிடுதேன். கடை பத்து மணிக்குத்தான தொறக்கணும்" என்றார். அவருக்குக் கைப்பக்குவம் உண்டு. நடந்து, வியர்த்து, பசித்து வந்து அவர் கட்டிக்கொடுத்த டப்பாவை மத்தியானம் திறந்தால் அப்படி ஒரு ருசி. வெறும் மூன்றாம் பாலில் இவ்வளவு ருசி வருமா என்று நானே அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரிக்கு ஒரு கரண்டி போட்டுக் கொடுத்தேன். இஞ்சியும் எலுமிச்சையும் தூக்கலாகப் போடுகிறார், அதுதான் ரகசியம் என்று விளக்கம் வேறு சொன்னேன். என் புத்தியை என்ன சொல்ல!

அதிலிருந்து எடை இறங்கவில்லை.

முதலில் ஒரு வாரம் நின்றது. சரி, சில வாரம் அப்படித்தான் இருக்கும் என்று ஆப்பே சொன்னது. அப்புறமும் நின்றது. அதற்கு அடுத்த வாரம் ஏறியது. இறங்கி, செருப்பில்லாமல் ஏறி, மூக்குத்தியைக்கூடக் கழற்றி வைத்துவிட்டு ஏறினேன். அதே எண். ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியாக்கினேன். சாயங்காலமும் நடந்தேன். ஒருநாள் ஆற்றங்கரையில் கண் இருட்டிக்கொண்டு வந்து அப்படியே கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தாமிரபரணி கீழே தன் பாட்டில் ஓடியது. எனக்கு அந்தச் சமயத்தில் வந்த நினைப்பை யாரிடமும் சொல்லவில்லை. என் உடம்புக்குக் கொடுக்க மனசில்லை. வாய் சம்மதம் சொல்லிவிட்டது, உடம்பு கத்திக்குப் பயந்துகொண்டு ஒரு கிலோவைக்கூட விட மாட்டேன் என்கிறது. அப்படியென்றால் நான் யார்? அண்ணனைச் சாகக் கொடுக்கிறவளா?

ஒருநாள் மதினி போன் பண்ணினாள்.

"எப்பிடி இருக்கே? எடை எறங்குச்சா?"

"அப்படியே நிக்குது மதினி. நானும் என்னென்னமோ செஞ்சு பாக்கேன்."

மதினி நிதானமாகச் சொன்னாள். "ஒனக்குப் பயமா இருந்தா சொல்லிரு. நாங்க ஒண்ணும் நெனச்சுக்கிட மாட்டோம். வேற வழி பாக்கோம். தின்னுக்கிட்டே இருந்துக்கிட்டு கொறயல கொறயலன்னு சொல்லாத, கேட்டியா."

"நா என்னத்தத் தின்னேன்? வந்து பாருங்க மதினி! சட்டியத் தொறந்து பாருங்க! ஒரு சொட்டு நெய் கெடயாது எங்க வீட்டுல!" என்று கத்தினேன். போனை வைத்துவிட்டு, குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். கோபம் மதினி மேல் இல்லை. அவள் சொன்னதில் பாதி உண்மையோ என்றுதான் நடுக்கம்.

ஐப்பசி பிறந்ததும் அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது. ஊசி குத்தும் இடத்தில் கிருமி தொற்றி, ரத்தத்தில் கலந்துவிட்டது என்று தீவிர சிகிச்சையில் போட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தான். என்னை உள்ளே விட்டபோது உதடு வெடித்திருந்தது. "பொங்கலுக்குத் தேங்கா இந்த வருசம் நெறய காச்சிருக்குட்டி" என்றான். வேறு ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வந்து சுவரில் சாய்ந்தேன். மருத்துவர் என்னைக் கடந்துபோனவர் நின்று, "எடை எப்படி இருக்கும்மா?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் திட்டவில்லை. "இன்னொரு தடவை இப்படி வந்தா அவர் தாங்குவாரான்னு தெரியல" என்று மட்டும் சொன்னார். அந்தத் தடவை தாங்கிவிட்டான். பத்து நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அதற்கு அடுத்த வாரம் ஒருநாள் காலையில் நடக்கப் போனால், கரையில் போலீஸ்காரர் நின்று எல்லோரையும் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். மணிமுத்தாறு அணையில் தண்ணீர் திறந்துவிட்டிருக்கிறார்கள், ஆறு ஏறுகிறது, யாரும் கீழே இறங்கக்கூடாது என்றார். மழை வேறு பிடித்துக்கொண்டது. தொப்பறையாக நனைந்து வீட்டுக்கு வந்தேன். நனைந்த சேலையோடு முன்வாசல் வழியாகப் போனால் வீடெல்லாம் ஈரமாகும் என்று புறவாசல் வழியாக அடுக்களைக்குள் நுழைந்தேன்.

அத்தான் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மேடையில் இரண்டு டப்பா திறந்திருந்தன. ஒன்று அவருடையது, ஒன்று என்னுடையது. இரண்டிலும் சொதி ஊற்றியிருந்தது. வெள்ளைத் துணியில் தேங்காய்த் துருவலைக் கட்டி இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தார். பிழிந்த பால் கிண்ணத்தில் திரண்டு கிடந்தது. முதல் பால், கெட்டியோ கெட்டி. கிண்ணத்தை எடுத்து ஒரு டப்பாவில் முழுசாகக் கவிழ்த்தார். கரண்டியால் கலக்கினார். மேலே இஞ்சிச்சாறு ஊற்றினார், எலுமிச்சம்பழம் பிழிந்தார்.

தெரியாமல் மாற்றி ஊற்றிவிட்டார் என்றுதான் அப்போதும் நினைத்தேன். "அத்தான், அது உங்க டப்பா இல்ல, எனக்குள்ளது" என்றேன்.

அவர் திரும்பவில்லை. கரண்டி நின்றது.

"தெரியும்" என்றார். 

என் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக் காலடியில் தேங்கியது. எனக்குப் புரிய அவ்வளவு நேரம் ஆனது.

"என்னைக்குருந்து?"

"நீ மொத மாசம் எறங்குனேல்லா. அப்பமிருந்து."

"கஞ்சியிலயும்?"

"ம்."

"கீரையிலயும்?"

"எல்லாத்துலயும்தான்."

மூலையில் சாக்குக் கிடந்தது. அதைப் பார்த்தேன். அண்ணன் காய்ச்சலுக்கு முன்னால் ஆள் மூலம் கொடுத்தனுப்பிய சாக்கு. அடியில் நாலைந்து தேங்காய்தான் கிடந்தன. எப்படி இவ்வளவு சீக்கிரம் தீர்ந்தது என்று நான் ஒருநாளும் கேட்கவில்லையே! "எங்கண்ணன் தோட்டத்துத் தேங்கா" என்றேன். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. டப்பாவைத் தூக்கிப் புறவாசலில் எறிந்தேன். சொதி முற்றமெல்லாம் கொட்டி, மழையில் கரைந்து ஓடியது. "உங்களுக்கு என்ன கோட்டி புடிச்சிருக்கா? அவன் செத்துக்கிட்டு இருக்கான் அத்தான்! அவன் கண்ணாடிக்குள்ள கெடந்தப்பவும் இதத்தான் செஞ்சீங்களா?"

"ஆமா."

"வேண்டாம்னா வேண்டாம்னு அன்னைக்கே சொல்லித் தொலைய வேண்டியதுதான? குடு குடுன்னு எதுக்குச் சொன்னீங்க?"

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். பிழிந்த துணி இன்னும் கையில் இருந்தது. "எப்பிடிட்டி சொல்ல? கட்டிக்குடுத்த வீட்டுக்காரன், மச்சானுக்குக் குடுக்க விடலன்னு ஊரு காறித் துப்பாதா? மச்சான் நம்ம பிள்ளையக் காது குத்துனதுல இருந்து மடியில வச்சுப் பாத்தவ்வோ. ஊர விடு. நீ என்ன விட்டு வச்சிருப்பியா? நீ கொறயலேன்னா டாக்டரே வேண்டாம்னு சொல்லிருவாங்க. யாரு மேலயும் பழி இல்லன்னு நெனச்சேன்."

"பழி எம்மேலல்லா விழுந்துது! மதினி என்னத் தின்னிப்பண்டாரம்னு நெனைக்கா. நானே என்னய என்னென்னமோ நெனச்சேன்."

"அது தெரியாது எனக்கு" என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எங்கம்மா ஒரு சின்ன ஆபரேசன்னுதான் உள்ள போனா. எந்திரிச்சு வந்து காப்பி குடிக்கணும், பிளாஸ்க்குல வாங்கி வைன்னா. வாங்கிட்டு வந்து நின்னேன். மச்சான் செத்தா நா அழுவேன்ட்டி. சத்தியமா அழுவேன். நீ செத்தா நா என்ன செய்ய?"

ஈரச் சேலையோடு அப்படியே நின்றேன். கோபம் அடங்கவில்லை, ஆனால் அடிக்க ஆள் இல்லாமல் போய்விட்டது.

இதை மதினியிடம் சொல்லவில்லை. அண்ணனிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவன் இவரிடம் வந்து மன்னிப்புக் கேட்பான், எனக்குத் தெரியும். அப்புறம் என் சிறுநீரகத்தை வாங்கவே மாட்டான். 

அன்றிலிருந்து அடுப்பை நான் எடுத்துக்கொண்டேன். இன்னும் முன்னால் எழுந்து, சமைத்து, பூட்டாத குறையாக டப்பாவை மூடிப் பையில் வைத்துவிட்டுத்தான் நடக்கப் போவேன். தேங்காயையே நிறுத்திவிட்டேன். மூன்றாம் பாலிலும் கொழுப்பு உண்டு, அது சூப் இல்லை என்பது அப்போதுதான் மகள் விசாரித்துச் சொல்லித் தெரிந்தது. அதுவும் என் முட்டாள்தனம். எடை மறுபடியும் இறங்கத் தொடங்கியது. ஆனால் வேறொரு பயம் வந்து ஒட்டிக்கொண்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னிடம் குரல் உயர்த்தாத மனிதர். அவர் நீட்டும் மோர் டம்ளரை வாங்க எனக்குப் பயமாக இருந்தது. மூக்கில் வைத்து மோந்து பார்ப்பேன். அவர் பார்த்துக்கொண்டு நிற்பார், ஒன்றும் சொல்ல மாட்டார். சாப்பிடும்போது இரண்டு பேரும் பேசுவதில்லை. அவர் போனில் எதையாவது தட்டிக்கொண்டு இருந்தால் சிறுநீரகம் கொடுத்துவிட்டுச் செத்தவர்களைப் பற்றித் தேடுகிறாரோ என்று தோன்றும். அடுத்து என்ன செய்வார்? வண்டியில் கூட்டிக்கொண்டு போகும்போது வேண்டுமென்றே எங்கேயாவது இடித்து என் காலை உடைத்துவிடுவாரோ? இப்படியெல்லாம் நினைத்தேன், பாவி.

மழைநாளில் குடை பிடித்துக்கொண்டு நடப்பேன். சில நாள் திரும்பிப் பார்த்தால் ஆற்றங்கரைப் பாதை தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அதன் மேல் உட்கார்ந்திருப்பார். நடக்க வர மாட்டார், கூப்பிடவும் மாட்டார். நான் தலைசுற்றி விழுந்தால் தூக்குவதற்கா, விழ மாட்டாளா என்று பார்ப்பதற்கா? கேட்கத் தைரியம் இல்லை.

தை மாதம் மருத்துவர் சொன்ன எண்ணுக்கு வந்துவிட்டேன். அந்தப் பொங்கலுக்கு அண்ணனால் வர முடியவில்லை. மருத்துவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்புறம் உட்கார்ந்து, அடுத்த விஷயத்தைச் சொன்னார். விசாரணைக் குழு ஒன்று எங்களைக் கேள்வி கேட்கும். யாரும் கட்டாயப்படுத்தவில்லையே, மனசறிந்து கொடுக்கிறாளா என்று பார்ப்பார்கள்.

"உங்க வீட்டுக்காரரையும் கேப்பாங்க. அவர் ஒத்துக்கலைன்னா நாங்க கத்தியை எடுக்க மாட்டோம்" என்றார்.

அத்தான் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். தலையை ஆட்டினார். அத்தனை மாதம் நடந்தது, பசித்தது, அழுதது எல்லாம் இவர் வாயில் வரும் ஒரு சொல்லில் போய்விடும். தேங்காய்ப்பால் தேவையில்லை. வேண்டாம் என்று தலையை ஒரு ஆட்டு ஆட்டினால் போதும்.

வீட்டுக்கு வரும் வழியில் வண்டியின் பின்னால் உட்கார்ந்துகொண்டு, என்ன சொல்லப்போறீங்க என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. கேட்டு, அவர் சொல்லிவிட்டால்? குழு கூடும் நாள் வரைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆப்பு என்னைக் குறைவாகத் தின்கிறாய் என்று எச்சரித்தது. அதைப் பார்த்துச் சிரிப்பு வந்தது.

அந்த அறையில் மூன்று பேர் இருந்தார்கள். ஓர் ஓரமாகக் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அண்ணனையும் மதினியையும் கேட்டு முடித்து வெளியே அனுப்பிவிட்டு எங்கள் இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டார்கள். என்னிடம், யாராவது வற்புறுத்தினார்களா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். பணம் தருவதாக யாராவது சொன்னார்களா? இல்லை. பயமாக இருக்கிறதா? "இல்ல" என்று அதற்கும் படக்கென்று சொன்னேன்.

பிறகு அவரைக் கேட்டார்கள். "உங்க மனைவி கிட்னி குடுக்கிறதுல உங்களுக்குச் சம்மதமா?"

உட்காருங்கள் என்று சொல்லியும் அவர் எழுந்து நின்றார். "நான் வேண்டாம்னு சொன்னா நின்னுரும்லா?"

"நின்னுரும்" என்றார் நடுவில் இருந்த அம்மாள்.

நான் மேஜையின் விளிம்பையே பார்த்தேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த நேரத்தில் நான் கும்பிடாத சாமி இல்லை.

"எனக்குப் பயமா இருக்கும்மா" என்றார். "இப்பமும் வேண்டாம்னுதான் வாயில வருது. நான் எம்புட்டோ தடுத்துப் பாத்தேன். கேக்கமாட்டேன்னுட்டா. மழையில நடந்தா, கால்ல வெடிப்போட நடந்தா. நான் வண்டியில இருந்து பாத்துக்கிட்டே இருந்தேன். இவ நின்னுருவான்னு ஒவ்வொரு நாளும் நெனச்சேன்."

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப நான் என்னன்னு எழுத?"

"சம்மதம்னு எழுதுங்க" என்றார்.

எழுதினார்கள். கையெழுத்து வாங்கினார்கள். எனக்குச் சந்தோஷம் வர வேண்டும் அல்லவா? அண்ணன் பிழைத்துவிடுவான். நான் கேட்டது இதைத்தானே? ஆனால் வரவில்லை. அத்தனை மாதமும் என்னைத் தடுக்க ஓர் ஆள் இருந்தது. அவரோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருந்ததால் நான் பயப்படாதவள் மாதிரி இருந்தேன். இப்போது தடுக்க யாரும் இல்லை. அடுத்த வாரம் என்னைப் படுக்கவைத்து வயிற்றைக் கிழிப்பார்கள். எந்திரிப்பேனா?

வெளியே வந்தோம். நீளமான நடைவழி. அந்தக் கோடியில் நாற்காலியில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். மதினி எங்களைக் கண்டதும் எழுந்து நின்று, எங்கள் முகத்தையே பார்த்தாள். நான் நின்றுவிட்டேன்.

"அத்தான், எனக்குப் பயமா இருக்கு" என்றேன். அத்தனை நாளில் அன்றைக்குத்தான் அதை வாய்விட்டுச் சொன்னேன்.

"தெரியும்ட்டி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "பைய நட. மச்சான் பாத்துக்கிட்டு இருக்காவ."